சொத்தியர் ஒழுங்கையும் என் இலக்கண விளக்கமும்

ஒரு காலத்தில் எனக்குச் சரியாக இருப்பதில் பெரிய பைத்தியம். புவியியல் படிப்பிக்கிற ஆள் என்பதால் அதை அறிவு என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். (கணவர் அதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.)

இணையத்தில் எல்லோரும் சேர்ந்து வரைகிற வரைபடம் ஒன்று உண்டு. யாரும் வீதி கீறலாம், பெயர் போடலாம். சம்பளம் கிடையாது, சண்டை மட்டும் தாராளம். எங்கள் பக்கத்துப் பெயர்ச் சண்டைகளைத் தீர்த்து வைப்பது நான். யாரும் என்னை நியமிக்கவில்லை, நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வீடுகளுக்கு நடுவே போகிற ஒரு சின்ன ஒழுங்கைக்கு 'சொத்தியர் ஒழுங்கை' என்று பெயர் போட்டிருந்தேன். சொத்தி என்றால் எங்கள் ஊரில் கைகால் ஊனம். 'வெங்காயப்பூ' என்ற புனைபெயரில் ஒருவர் அதை அழித்தார். நான் திரும்பப் போட்டேன். அவர் திரும்ப அழித்தார். ஏழாம் முறை, "இது ஒரு மனிசரை நோகடிக்கிற பேர், தயவுசெய்து விடுங்கோ" என்று எழுதினார்.

நான் விட்டேனா? ஊரில் வழங்குகிற பெயரே வரைபடத்தில் இருக்கவேண்டும் என்ற விதியில் தொடங்கி, "'சொத்தியன்' என்றால்தான் இழிவு. இங்கே இருப்பது 'அர்' விகுதி, அது மரியாதைப் பன்மை" என்று அரைப்பக்கம் இலக்கணம் எழுதினேன். எழுதியதை இரண்டு தரம் வாசித்து ரசித்தேன் என்பதையும் மறைக்கக்கூடாது.

அதோடு நிற்காமல், மூன்று சாட்சி எடுத்துச் சண்டையை முடிப்பதென்று ஸ்கூட்டியில் புறப்பட்டேன். முதலாவது சந்திக் கடைக்காரர், இரண்டாவது ஒரு ஓட்டோக்காரர். இருவரும் யோசிக்காமல் அதே பெயரைச் சொன்னார்கள். மூன்றாவதாக, ஒழுங்கைக்குள் ஒரு வீட்டு வாசலில் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் போனேன். அவருக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்கு வெங்காயக் குவியல்.

"ஐயா, இந்த ஒழுங்கைக்கு என்ன பேர்?"

"சொத்தியர் ஒழுங்கை, பிள்ளை."

கொப்பியில் குறித்துக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். "ஆரோ வேலைவெட்டி இல்லாத விசர் ஒண்டு இன்டர்நெற்றிலை உந்தப் பேரை அழிச்சுக்கொண்டே இருக்குது ஐயா. அதுதான் சாட்சி எடுக்க வந்தனான்" என்றேன்.

"ஆர் அழிக்கிறது?" என்றபடி அவர் சுவரைப் பிடித்து எழும்பினார். அப்போதுதான் வலது காலைக் கண்டேன். போர்க்காலத்தில் செல் குண்டு பட்ட கால், முழங்காலுக்குக் கீழே வளைந்து மெலிந்திருந்தது.

"நான்தான் பிள்ளை அந்தச் சொத்தியர்" என்றார்.

நான் கொப்பியை மூடினேன். உள்ளே இருந்து என் வயதுப் பெண் ஒருத்தி போனும் கையுமாக வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"நீயே பிள்ளை அழிச்சது? உதுக்குப் போய் ஏன் சண்டை பிடிக்கிறாய்? முப்பது வருசமாச்சு, எனக்குப் பழகிப் போச்சு."

"எனக்குப் பழகேல்லை அப்பா."

அவர் உட்கார்ந்து, கட்டிக்கொண்டிருந்த பிடியை மறுபடி எடுத்தார். அதைக் கட்டி முடித்து, என்னைப் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். குடித்தேன். அதில் சீனி இருந்ததா என்றுகூடத் தெரியாது. வெளியே வரும்போது வாசல் படலையடியில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பேரை எடுத்து விடுங்கோ அக்கா, அது போதும்."

அன்றே எடுத்தேன். இரண்டு மாதத்தில் வேறொரு வரைபடத் தொண்டர் திரும்பப் போட்டார். நான் எடுக்க, அவர் போட, கடைசியில் மற்றவர்களும் விதி அவர் பக்கம்தான் என்று சொல்லிவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன். அவர் ஆதாரம் என்று எனக்கு அனுப்பி வைத்தது, நான் எழுதிய அதே அரைப்பக்கம்.

வீட்டில் இது இன்றைக்கும் பகிடி. "தங்கச்சியை மொக்கு, மூளையில்லாதது எண்டு சொல்லாதை" என்று மகனை ஏசினால், "சரி அம்மா, மொக்கர்" என்பான். கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் சுன்னாகம் சந்தைக்குப் போகிற நாட்களில், அந்தப் பெண் எதிரே வந்துவிடுவாளோ என்று வெங்காயக் கடைகள் பக்கம் போவதில்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதை என்னால் செய்து கொடுக்க முடியவில்லை.