ஏரியாகப் பதிவான செங்கமலம்

கோரைநாட்டுக்குப் போகும் வழி எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். உள்ளே நுழைந்தவரை உடனே பதிந்துவிடுகிறார்கள்.

முன்பு அந்நாட்டு மக்களின் பெயர்கள் ஒரு தடித்த பேரேட்டில் வரிசையாக இருந்தன. பதிவமைச்சர் திருமேனிநாதர் வெளிதேசம் போய் ஒரு மென்பொருள் கருவி வாங்கி வந்தார். அதன்படி உலகில் உள்ளதெல்லாம் ‘பொருள்’. ஒவ்வொரு பொருளும் ஒரு வகுப்பைச் சேரும். மேல் வகுப்பில் எழுதியது கீழ் வகுப்புக்குத் தானாக இறங்கும். திரும்ப எழுத வேண்டாம். கருவி நல்ல கருவிதான், கை வைத்தவர்கள்தான் சரியில்லை.

“எல்லா வகுப்புக்கும் மேலே யார்?” என்றார் அரசர் புகழ்மாறர்.

“தாங்கள்தான், பிரபு.”

“அப்படியானால் என்னிடம் உள்ளதெல்லாம் அவர்களுக்கு இறங்கிவிடுமே!”

“அரண்மனையையும் களஞ்சியத்தையும் ‘அந்தரங்கம்’ என்று குறித்துவிட்டேன், பிரபு. தங்கள் கடமைகள் மட்டுமே இறங்கும்.”

மறுவாரமே எல்லைக் காவலும் சாலை செப்பனிடுவதும் மக்கள் தலையில் விழுந்தன. மக்களும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பழகிய தலைகள்.

படகோட்டி செங்கமலத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகள். களஞ்சியத்திலிருந்து ஏழை மனிதர்களுக்கென்று மாதாமாதம் அளந்துவிடும் அரிசியில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. பதிய வந்த எழுத்தர் அவள் பிழைப்பு எங்கே என்று கேட்டார். “ஏரியில” என்றாள். எழுத்தர் அவளை நீர்நிலை வகுப்பின் கீழ்ச் சேர்த்தார். அங்கே உயரம் எழுத இடமில்லாததால், அவளுடைய நாலே முக்கால் அடியை ஆழத்தில் எழுதினார்.

அந்த மாதம் அரிசி வரவில்லை. தூர்வார நான்கு பேர் வந்தார்கள்.

அவள் நேரே அமைச்சரிடம் போனாள். “ஐயா, நான் மனுஷிங்க. புள்ளைங்க ரெண்டு நாளா கஞ்சித் தண்ணியில கெடக்குதுங்க.”

“ஏரி சாப்பிடுவதாக வகுப்பில் இல்லையே, அம்மா” என்றார் திருமேனிநாதர் மிகுந்த மரியாதையோடு. “திருத்த மனு கொடுங்கள்.”

கொடுத்தாள். அதற்குள் தேர்தல் வந்தது. அரசருக்கு ஓட்டு உண்டு. ஆகவே அவருக்குக் கீழிருந்த ஏரி, பாலம், மைல்கல் எல்லாவற்றுக்கும் ஓட்டு இறங்கியது. தனியாக எதையும் குறிக்காத பொருளுக்கு மேல் வகுப்பின் விருப்பமே செல்லும் என்பது விதி. மைல்கற்கள் எதையும் குறிக்கவில்லை.

செங்கமலம் சாவடிக்குப் போனபோது அதிகாரி எழுந்து நின்றார். “உங்க ஓட்டு காலையிலேயே விழுந்துடுச்சும்மா. ஏரிங்க எல்லாம் ஒருமனசா போட்டிருக்கு.”

அரசர் வென்றார். விசுவாசம் மிக்க நீர்நிலைகளுக்கு நன்றியாக ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி என்று அறிவித்தார். மற்ற ஏரிகளில் அதைத் தண்ணீரில் கொட்டினார்கள். மீன்கள் கொழுத்தன. எனக்கு வயிறு எரிகிறது.

செங்கமலத்தின் வாசலில் வண்டி நின்றபோது எழுத்தரும் ஓலையோடு ஓடி வந்தார். “உங்க மனு ஏத்துக்கிட்டாங்கம்மா! இன்னியிலேர்ந்து நீங்க மனுஷி. இதுல கைநாட்டு வைங்க, மூட்டையத் திருப்பி அனுப்பிடலாம்.”

அவள் உள்ளே சுருண்டு கிடந்த பிள்ளைகளைப் பார்த்தாள். “வேணாங்க. நான் ஏரியாவே இருந்துக்கறேன். மூட்டைய இப்படி எறக்குங்க.”

சேதி தெருவெல்லாம் பரவியது. பதிவகத்தின் முன் வரிசை மூன்று மைலுக்கு நீண்டது. அடுத்த தேர்தலுக்குள் கோரைநாட்டில் மனிதர்கள் பாதியாகக் குறைந்தார்கள். தம் ஆட்சியில் நாட்டின் நீர்வளம் பல மடங்கு பெருகிவிட்டதாக அரசர் பெருமையோடு அறிவித்தார். ஏரிகள் கைதட்டின.