பதிவாகாத பதினோரு ஆண்டுகள்

"பந்து உருளுற வரைக்குந்தான் திடல் நம்முது, நின்னுச்சுன்னா..." என்று தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குவார். நின்றால் என்ன ஆகும் என்றும் சொல்வார். அந்தப் பாதி இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

மலேசியாவில், கோல சிலாங்கூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துத் திடலில் கடைவீடுகள் கட்டத் தீர்மானமாகியிருந்தது. 'சமுதாய முக்கியத்துவம் வாய்ந்தது' என்று ஒரு பேராசிரியர் எழுதிக் கொடுத்தால் திடலை விட்டுவிடுவதாக நிர்வாகம் பெருந்தன்மையுடன் அறிவித்தது. கெடு, திங்கட்கிழமை காலை பத்து மணி.

முனைவர் சிவநாதன் வந்தார். விளையாட்டு, ஊடகம், சமுதாயம் மூன்றையும் சேர்த்து ஆராய்கிறவர். எதையும் தனியாகப் பார்ப்பதில்லை. மடிக்கணினியைத் திறந்து, காற்பந்துக் குழுத் தலைவர் அப்பளசாமியை ஆழ்ந்த வருத்தத்துடன் நோக்கினார்.

"பத்திரிகையில் உங்கள் குழு கடைசியாக வந்தது பதினோரு ஆண்டுகளுக்கு முன். கலும்பாங் குழுவோடு அடிதடி. மூன்று நாள் செய்தி, வண்ணப் படம். மிகச் செழிப்பான காலகட்டம். அதன்பின் ஒன்றுமில்லை."

"அதுக்கப்புறம் நாலு கிண்ணம் ஜெயிச்சிருக்கோம் சார்!"

"பதிவாகவில்லை. பதிவாகாதது சமுதாயத்தில் நிகழவில்லை என்பது கோட்பாடு."

"என் முட்டி ஒடஞ்சிச்சே?"

"எந்தப் பத்திரிகையில்?"

குழுவின் செயலாளரும் அப்பளசாமியின் மனைவியுமான லீலாவதிக்குப் பொறுக்கவில்லை. "எங்க கோல்கீப்பர் செத்தது பேப்பர்ல வந்திச்சிலா! படத்தோட!"

"கட்டண அறிவிப்பு சேராது, அம்மா."

அப்பளசாமி குரலைத் தாழ்த்தினார். "அப்ப இந்த ஞாயித்துக்கிழமை மறுபடி அடிச்சிக்கிடணுமா?"

சிவநாதன் திடுக்கிட்டார். "ஆய்வாளன் தலையிடவே கூடாது! கவனிக்க மட்டுமே செய்வேன்." சொல்லிக்கொண்டே உதவியாளர் அனுஜாவுக்குக் கண்காட்டினார். அவள் 'நிகழக்கூடிய கைகலப்பில் மனமுவந்து பங்கேற்பதற்கான ஒப்புதல் படிவம்' எடுத்து வைத்தாள். ஆளுக்கொரு பிரதி, நடுவருக்கும் சேர்த்து.

பத்திரிகை நிருபர் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அடிதடி எத்தனை மணிக்குங்க? அஞ்சரைக்கு நாளைக்கு வர்ற பக்கத்த மூடிருவாங்க."

ஞாயிறு நான்கு மணிக்கு சுங்கை புரோங் குழுவுடன் ஆட்டம். பதினோரு வருட ஒழுக்கம் இலேசில் போகுமா? எங்கள் ஆள் இடித்தால் அவர்கள் ஆள் "சோரிலா அண்ணே" என்றான். விழுந்தவனைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். மூன்று அருமையான கோல். நிருபர் கொட்டாவி விட்டார். சிவநாதன் 'தரவு இல்லை' என்று எழுதினார்.

ஐந்து இருபது. நடுவர் உமாபதி, லீலாவதியின் தம்பி, படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்த ஒரே ஆள், கோட்டோரம் நின்ற அப்பளசாமியிடம் ஓடி வந்தார்.

"ஒரு மஞ்சள் அட்டைகூட எடுக்கல மச்சான். பெருமையா இருக்கு!"

நிருபர் பையை மூடிக்கொண்டிருந்தார். அப்பளசாமி திடலை ஒருமுறை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி லீலாவதியிடம் கொடுத்தார். கோல் விழுந்தபோது பையிலேயே கிடந்த அத்தனை கைபேசிகளும், என்னுடையதும் சேர்த்து, உயர்ந்தன.

அப்பளசாமி மைத்துனரின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.