முயல் கறியும் பதினேழாம் பிரிவும்

எட்டெர்பேக், பிரஸ்ஸல்ஸ்
ஜூலை 9, வியாழன்

அன்பும் பொறுமையும் மிகுந்த மாப்பிள்ளை யோரிஸ் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் கஸ்தோன் எழுதுவது. இங்கு நான் சுகம். மழை நாட்களில் மட்டும் முழங்கால் தன் இருப்பைச் சொல்கிறது; இந்த ஊரில் அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீங்களும், உங்கள் நீச்சல் வகுப்புப் பிள்ளைகளும், வீட்டில் உள்ள மற்ற இருவரும் நலமாக இருக்க வேண்டும். (இருவர் என்றது மத்தில்டையும் அவள் வயிற்றில் இருப்பதையும். அக்டோபருக்கு முன்பே எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. சேர்த்துவிட்டேன்.)

மகளுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். அவளுக்கு நான் ஒரு வரி எழுதினாலும் அதை அவள் கோப்பில் வைத்தாக வேண்டும். மார்ச்சில் அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்து, செயற்கைக்கோள் பாதுகாப்புச் சட்டத்தை எழுதும் பிரிவுக்குத் தலைவியானாள். நானோ ஓய்வு பெற்ற பிறகு சிறு செயற்கைக்கோள் செய்கிறவர்களின் சங்கத்தில் வாரம் இரண்டு நாள் ஆலோசகன். சட்டம் எழுதுகிறவர்களைச் சந்தித்து எங்கள் ஆட்களுக்குச் சாதகமாகப் பேசுவது வேலை. லாபிக்காரன் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லில் இன்னும் கூச்சம் உண்டு. என்னைப் போன்றவர்கள் அவளைப் போன்றவர்களைச் சந்தித்தால் அதைப் பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. நல்ல விதி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அவள் பதவியேற்ற பிறகு நீங்கள் இருவரும் சாப்பிட வந்த அந்த ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். "அப்பா, வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டாள். "உங்க சட்டத்துல அந்தப் பதினேழாம் பிரிவுதான் தொண்டையில நிக்குது. நீ இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவ்வளவும் பேச்சுத்தானே என்று மனம் உறுத்தியது. திங்களன்று அலுவலகம் போய்ப் பதிவேட்டைத் திறந்து எழுதினேன். இடம்: என் சாப்பாட்டு அறை. நேரம்: இரண்டு மணி ஐம்பது நிமிடம். பொருள்: பதினேழாம் பிரிவு, உலர்ந்த பிளம் பழம் சேர்த்த முயல் கறி. எங்கள் சங்கத்தின் ஒரே எழுத்தரான ஹில்ட, "அதையெல்லாம் யாரு சார் படிக்கிறா?" என்றாள். படிப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள் என்பது புதன்கிழமை தெரிந்தது.

பெரிய நிறுவனங்களின் கூட்டமைப்பு, சம வாய்ப்பு கோரி மத்தில்டுக்கு எழுதியது: தங்களுக்கும் அதே கால அளவில் ஒரு மதிய உணவு வேண்டும். அடுத்து ராக்கெட் செய்கிறவர்கள் எழுதினார்கள். இரவு வானம் இருட்டாகவே இருக்க வேண்டும் என்று போராடும் வானியலாளர்களும் எழுதினார்கள். தாங்கள் சைவம் என்பதை முன்கூட்டியே தெரிவித்திருந்தார்கள். அந்த வார இறுதியில் ஒரு வரவேற்பில், நான் வழக்கம்போல் பாலாடைக்கட்டித் துண்டுகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றிருந்தேன். கூட்டமைப்பைச் சேர்ந்த ஸ்ட்ராம் என்பவர் வந்து என் தோளில் தட்டினார்.

"பெரியவரே, அமுக்கமா இருந்தே சாதிச்சுட்டீங்களே! நாங்க பன்னிரண்டு பேரு, மூணு வருஷமா ஓடுறோம். ஒரு காபிக்கு மேல கிடைக்கல. நீங்க ஒரே முயல்ல முடிச்சுட்டீங்க!"

"அவ என் மகளுங்க" என்றேன்.

"அதத்தான் சொல்றேன். அந்தத் தொலைநோக்கு எங்க ஆளுங்களுக்கு இல்லயே!"

நாற்பது வருடங்களுக்கு முன்பே திட்டமிட்டு அவளைப் பெற்றதாக அவர் நினைத்துவிட்டார், மாப்பிள்ளை. எங்கள் சங்கத் தலைவர் ரென்கின் இதைவிட மோசம். மகிழ்ச்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறு என்ன சமையல் சார்? இருபத்தி ரெண்டாம் பிரிவையும் இனிப்போட சேர்த்துப் பேசிடுங்க" என்றார். தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பதே நினைவில்லை.

இதற்குள் மத்தில்டை அவளுடைய மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்துவிட்டார். தவறு ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்களாம். மாலையில் அவள் தொலைபேசியில் பேசினாள். "உண்மையத்தான் எழுதியிருக்கீங்க அப்பா. அதனால உங்களத் திட்டவும் முடியல. அதுதான் கஷ்டமா இருக்கு. சட்டம் நிறைவேறுற வரைக்கும் நாம பார்த்துக்க வேணாம்." சட்டம் நிறைவேற இரண்டு வருடம் ஆகும். எனக்கு எழுபத்து நான்கு. அதற்குள் அக்டோபரில் வரப்போகும் பிள்ளை நடக்கப் பழகி, என்னைப் பார்த்தால் யாரென்று தெரியாமல் உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இதுவரை பதினான்கு ஞாயிறுகள் போய்விட்டன.

வழி தேடாமல் இல்லை. இக்ஸெல் குளக்கரையில் சனிக்கிழமை அவள் ஒரு பெஞ்சில் உட்காருவாள் என்று தெரிந்து, நான் எதிர்க்கரைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நடுவில் தண்ணீரும் வாத்துகளும். பிறகு சந்தேகம் வந்து பதிவேட்டு உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

"வாத்துக்கு ரொட்டி போட்டதயெல்லாம் பதிய வேணாம் ஐயா. அவங்ககூட பேசுனீங்களா?" என்றாள் தொலைபேசியை எடுத்த பெண்.

"கைய ஆட்டினேன்."

"எதுக்காக ஆட்டுனீங்க?"

"நல்லா இருக்கியான்னு கேக்கத்தான்" என்றேன். "அத விட்டுருங்க ஐயா. நான் எதயும் கேக்கல" என்று வைத்துவிட்டாள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கால் வீங்குகிறதா? மற்றபடி எனக்கு எதுவும் வேண்டாம். பதினேழாம் பிரிவைப் பற்றி நான் பேசப்போவதே இல்லை. செருப்புப் பெட்டி அளவுள்ள ஒரு செயற்கைக்கோளுக்கு வங்கிப் பெட்டகத்துக்கு உரிய பூட்டு போடச் சொன்னால் அது பூட்டைத்தான் சுமக்கும், வேறு எதையும் சுமக்காது என்பது நீச்சல் சொல்லித்தருகிற உங்களுக்கே விளங்கும். லியேஜில் ஒன்பது பேர் வேலை செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. வயலில் ஈரம் எவ்வளவு என்று மேலிருந்து பார்த்துச் சொல்லும் கருவி செய்கிறார்கள். யார் அந்த ஈரத்தைத் திருடப்போகிறார்கள்? எடைக்கு ஏற்ற பூட்டு என்று மூன்றே சொற்களைச் சேர்த்தால் போதும், அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். பெரிய நிறுவனங்களுக்கு அந்தச் சொற்கள் இல்லாமலிருப்பதுதான் வசதி. இதை நான் சொன்னதாக இருக்க வேண்டாம். அவள் பக்கத்து அறையில் இருக்கும்போது இக்கடிதத்தை நீங்கள் கொஞ்சம் உரக்கப் படித்தால், அது உங்கள் வீட்டுப் பழக்கம்.

அவளை ஈரத்தரையில் நடக்க விடாதீர்கள். மூவருக்கும் என் ஆசிகள். உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
கஸ்தோன்

பின்குறிப்பு: எதையும் சரிபார்க்காமல் அனுப்பிப் பழக்கமில்லாததால், இக்கடிதத்தை விதிப்புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். குடும்பத்தினர் வழியாகச் சொல்லி அனுப்புவதும் சந்திப்புக் கணக்கில்தான் வருகிறது. அதைவிட மோசமான ஒன்றையும் கண்டேன். மகளின் கால் வீக்கத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கிறேன். பதினேழாம் பிரிவுக்கு ஒரு பத்தி. உடனே போய் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். "இப்பத்தான சார் நமக்கு ஒரு கதவு தொறந்துச்சு!" என்று ரென்கின் கத்தினார். "அது என் வீட்டுக் கதவு" என்றேன். அறையில் சொல்லத் துணிவில்லை, படியிறங்கும்போது சொன்னேன். ஹில்டவின் காதில் மட்டும் விழுந்தது. லியேஜ்காரர்களுக்காக இனி அவள் பேசுவாள். இத்தனை வருடம் தட்டச்சு செய்தவளுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஆகவே மேலே எழுதியதை உரக்கவும் படிக்க வேண்டாம், மெதுவாகவும் படிக்க வேண்டாம். ஞாயிறு பன்னிரண்டரைக்கு நான் வரலாமா என்று மட்டும் மத்தில்டைக் கேளுங்கள். அந்தப் பிரிவு தவறு என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் இன்று காலை பதினொரு மணி முதல் அது ஓர் அப்பாவின் அபிப்பிராயம் மட்டுமே. வழக்கம்போல் அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.