பன்றித்தலைக்கு வளையாத இடுப்பு

பாசத்துக்குரிய பெரிய அக்காவுக்கு,

ஷிஹுங்கிலிருந்து தங்கை ஜொங்-இம் எழுதிக்கொள்வது. அங்கே சுன்ச்சொனில் நீயும் அத்தானும் அம்மாவும் சுகமென்று நம்புகிறேன். இங்கே ஆண்டவர் கிருபையால் நான் சுகம், பிள்ளை சுலா சுகம், நவம்பரில் போட்ட முட்டைக்கோஸ் கிம்ச்சி ஊறுகாய்கூட இந்த வருஷம் சுகம். சுலாவின் அப்பா மட்டும்தான் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் வீட்டில் போன் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நடுநடுவே பதில் சொல்வாள், விஷயம் வாலிலிருந்து தலைக்குப் போய்விடும். வழக்கு விவகாரம் தலையிலிருந்து வாலுக்குத்தான் போகவேண்டும்.

ஆமாம் அக்கா, வழக்குதான். அவர் பட்டறையில் இடுப்பு பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறார் என்று மட்டும் உனக்குச் சொல்லியிருந்தேன். நடந்தது இதுதான். போன வசந்தத்தில் பட்டறைக்குப் புது பிரஸ் மெஷின் வந்தது. தாக் முதலாளி சும்மா இருப்பாரா? மெஷினுக்கு முன்னால் மேஜை போட்டு, வேகவைத்த பன்றித்தலை, பயறு தூவிய அரிசிக் கேக், காய்ந்த மீன், அரிசி மது எல்லாம் வைத்துப் படையல். விபத்தில்லாமல் மெஷின் ஓட வேண்டுமாம். முதலாளி விழுந்து கும்பிட்டு, சிரித்துக்கொண்டிருந்த பன்றியின் வாயில் ஒரு நோட்டைச் செருகினாராம். அப்புறம் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர் சபையில் உதவிக்காரர், பன்றித்தலை முன்னால் எப்படி விழுவார்? வழக்கம்போலப் பின்வரிசையில் நின்றிருக்கிறார். படையல் முடிந்ததும் மெஷினுக்கு அடியில் வைக்கிற இரும்புத் தகட்டைச் சங்கிலியில் தூக்கும்போது சங்கிலி வழுக்கி, தகடு முதலாளியின் கால் பக்கமாகச் சரிய, எல்லாரும் விலகி ஓட, இவர் மட்டும் பின்வரிசையிலிருந்து பாய்ந்து ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்திருக்கிறார். முதலாளியின் கால் தப்பித்தது. இவர் இடுப்பில் 'டக்'கென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவன் காய்ந்த மீனை யாரோ ஒடிக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தானாம். டிஸ்க் வெளியே வந்து நரம்பை நசுக்குகிறது, ஆப்பரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலை செய்யும் இடத்தில், வேலை நேரத்தில், முப்பது பேர் பார்க்க நடந்த விபத்து. நஷ்டஈட்டு அலுவலகம் கண்ணை மூடிக்கொண்டு பணம் தரும் என்று நினைத்து, விண்ணப்பத்தை என் கையாலேயே எழுதினேன். வந்த பதிலைப் படித்துவிட்டு அடுப்பில் சோயாக் குழம்பு பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். 'இவருக்கு இடுப்பு நோய் நெடுநாளாகவே உண்டு என்று முதலாளியும் சக தொழிலாளர்களும் சொல்கிறார்கள். ஆகவே இது வேலையால் வந்த காயம் அல்ல. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' நெடுநாளாகவா? விபத்துக்கு முந்தின கிம்ச்சிக் காலத்தில் சபைக்காக ஒரு லாரி முட்டைக்கோஸை இறக்கினவருக்கா? கடிதத்தைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"சுலா அப்பா, உங்களுக்கு எப்ப இடுப்பு நோய் வந்துச்சு?"

அவர் சுவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"அது வந்து... வேலைக்குச் சேர்ந்த வருஷம் முதலாளி படையலுக்குக் கும்பிடக் கூப்பிட்டாரு. நான் விசுவாசி, கும்பிட மாட்டேன்னு சொன்னா அவர் மனசு கஷ்டப்படும். அதனால இடுப்பு வளையாது முதலாளி, ரொம்ப நாளா வலின்னு சொல்லி வச்சேன்."

"ஒரு தடவையா?"

"ஒரு தடவை சொன்னா அடுத்த வருஷமும் சொல்லணும்ல."

அப்போதுதான் அக்கா எனக்குப் பல வருஷக் குழப்பம் தெளிந்தது. அறுவடைப் பண்டிகைக்குப் பட்டறையில் எல்லாருக்கும் டப்பா இறைச்சிப் பெட்டி கொடுப்பார்கள், இவர் மட்டும் வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரிப் பெட்டி கொண்டுவருவார். ஏங்க நமக்கு மட்டும் இது என்று கேட்டால், இறைச்சி தீர்ந்துபோச்சாம் என்பார். நானும் கணக்கு நோட்டில் 'பிளாஸ்திரி, இலவசம்' என்று எழுதி, சபைக் கிழவிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறேன். பாவம் தாக் முதலாளி, இவர் இடுப்பை நினைத்து ஒவ்வொரு வருஷமும் தனியாக வாங்கியிருக்கிறார். தகடு சரிவதற்கு அரைமணி முன்னால்கூட, இவர் குடும்பப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மா தம்பி, நீ கும்பிட வேணாம், இடுப்பைப் பாத்துக்கோ. பன்றி ஒண்ணும் நினைச்சுக்காது" என்று எல்லார் காதும் கேட்கச் சொல்லியிருக்கிறார். விசாரிக்க வந்தவர்களிடம் முதலாளி அதை அப்படியே சொல்லிவிட்டார். உண்மைதானே சொன்னார், அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் மனைவிதான் பழச்சாறு பெட்டியோடு பார்க்க வந்து, "எனக்கென்னவோ கும்பிடாததுதான் காரணம்னு தோணுது" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "கும்பிட்ட உங்க வீட்டுக்காரர் காலைக் கும்பிடாத எங்க வீட்டுக்காரர்தானே காப்பாத்தினாரு, பன்றிக்கு அது தெரிஞ்சிருக்கும்" என்றேன். அப்புறம் அவள் பேச்சை வானிலைக்கு மாற்றிக்கொண்டாள்.

நான் விடுகிற ஆளா? மேல்முறையீடு செய்துவிட்டேன். வக்கீல் வைக்கவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து நஷ்டஈட்டுச் சட்டத்தைப் படித்தேன். சபையில் பழைய தீர்க்கதரிசிகளைப் படித்துப் பழகினவளுக்குச் சட்டம் ஒன்றும் கஷ்டமில்லை, இரண்டிலும் 'மேற்படி' நிறைய வரும். மேல்முறையீட்டு மனுவோடு அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த கண்ணாடிக்கார அதிகாரி எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டி, "பாருங்கம்மா, எலும்பு ஏற்கெனவே தேய்ஞ்சிருக்கு" என்றார்.

"ஐயா, அம்பத்திரண்டு வயசுல தேயாத இடுப்பு யாருக்கு இருக்கு? என் சமையல் கத்தி கல்யாணம் ஆனதுலேருந்து தேய்ஞ்சுட்டே இருந்துச்சு, ஆனாலும் தினமும் காய் வெட்டுச்சு. அது ரெண்டா ஒடிஞ்சது, சுலா அதை வச்சுப் பெயின்ட் டப்பாவைத் திறந்த அன்னைக்குத்தான். தேய்ஞ்சது வேற, ஒடிஞ்சது வேற."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. ஆனா வலின்னு அவரே சொல்லியிருக்காரே?"

"பொய் சொன்னாரு ஐயா."

"என்னது?"

"என் புருஷன் பொய்யர். எழுதிக்கோங்க. எட்டு வருஷமா எல்லார் முன்னாலயும் பொய் சொன்னாரு. அவர் இடுப்புக்கு ஒரு குறையும் இல்ல."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் தன் புருஷனைப் பொய்யர் என்று எழுதிக்கொள்ளச் சொல்லி வந்த முதல் பெண்பிள்ளை நான்தானாம். இருந்தாலும் மரியாதையாகத்தான் சொன்னார்: "சொன்னது பொய்னு நிரூபிக்கணும்மா. காயத்துக்கு முன்னால இடுப்பு நல்லா இருந்துச்சுன்னு குடும்பத்துல பெரியவங்க யாராவது நேர்ல பார்த்ததைச் சொன்னா, மேல்முறையீட்டை விசாரிக்கிற குழு கேட்கும்."

போதகரிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போன வருஷம் பிரசங்கத்திலேயே இவரை எழுப்பி நிறுத்தி, 'பன்றித்தலைக்கு முன் வளையாத இடுப்பு' என்று புகழ்ந்தவர் அவர். எதைச் சொல்லி வளையவில்லை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. போதகர், "வணங்காதது சரி, பொய் சொன்னது தப்பு. ரெண்டையும் ஒரே தாள்ல எழுதித் தர்றேன்" என்றார். எழுதியும் தந்தார். அதில் முட்டைக்கோஸ் லாரியும் இருக்கிறது. ஒன்று மட்டும் நான் நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன் அக்கா, அவர் பொய் சொன்னது விசுவாசத்துக்காக மட்டும்தான். வேறு எந்த இடத்திலும் எவரிடத்திலும் இடுப்பைச் சாக்குச் சொன்ன மனுஷர் இல்லை.

இப்போது உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் விருந்து நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டுக்காரர் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு, பாட்டுக்கு ஆடிக்கொண்டே மண்டபத்தைச் சுற்றிவரவில்லையா? அப்பா மேலிருந்து கையை வீசி ஆட, தலைத்தொப்பி அத்தானின் சூப்பில் விழவில்லையா? அந்தப் படம் உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நோயாளி இடுப்பு அப்படி ஆடுமா? அந்தப் படத்தைக் கழற்றி எடுத்துக்கொள். படம் மட்டும் போதாது, கண்ணால் பார்த்த பெரியவர் வேண்டும். அப்பா இல்லை. அம்மா இருக்கிறாள். அன்றைக்கு அம்மாவை அவர் சுமக்கவில்லைதான், அவள் கூச்சப்பட்டு வேண்டாம் என்றிருப்பாள். ஆனால் முன்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். வருகிற வியாழக்கிழமை விசாரணை. புதன்கிழமை ரயிலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. அம்மா வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று நாமே எத்தனை தடவை நொந்துகொண்டிருக்கிறோம், அந்த வாயை ஆண்டவர் இந்த நாளுக்காகத்தான் தந்திருக்கிறார். குழுவில் யார் இருந்தாலும் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. தோற்றால் ஆப்பரேஷனும் இல்லை, குணமாகிற வரைக்கும் பட்டறையில் அவர் இடத்தை வைத்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் தோற்கமாட்டோம். இவ்வளவு பலமான சாட்சி இந்த நாட்டில் வேறு எந்த வழக்குக்கும் கிடைத்திருக்காது.

நீ கோயிலுக்குப் போகிறவள், நான் சபைக்குப் போகிறவள், ஆனாலும் நீ புத்தர் முன்னால் நூற்றெட்டுத் தடவை விழுந்து எழும்போது ஒரு தடவையாவது எங்கள் வீட்டுக்காரர் இடுப்புக்காக விழுந்துவிடு, அதை நான் கணக்கில் சேர்க்கமாட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். ரயில் டிக்கெட்டுச் செலவு நம் இருவருக்கும் பாதிப்பாதி. ஆண்டவர் உங்கள் எல்லாரையும் குளிரிலிருந்தும் வழுக்கலிலிருந்தும் காப்பாராக.

அன்புத் தங்கை,
ஜொங்-இம்

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போடுவதற்கு முன்னால், அம்மா விசாரணையில் என்ன சொல்வாள் என்று ஒத்திகை பார்த்துவிடலாம் என்று போன் போட்டேன். நீ கடைக்குப் போயிருந்தாய். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கவலையே படாதடி, எல்லாத்தையும் சொல்லிடறேன். பாவம் மாப்பிள்ளை, இடுப்பு அப்பவே போயிருந்துச்சுடி. அப்பாவை இறக்கிவிட்டுட்டு என் பக்கம் வந்து காதுல சொன்னாரு, 'அத்தை, உங்களையும் சுமக்கணும்னு ஆசைதான், ஆனா ரொம்ப நாளா இடுப்பு சரியில்ல'ன்னு. நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. இத்தனை வருஷமா நெஞ்சுலயே வச்சிருந்தேன். வியாழக்கிழமை நீதிபதிகிட்ட கொட்டிடறேன்." போனை வைத்துவிட்டு அவரிடம் போனேன். சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரிடமே, "அத்தை அப்போ கொஞ்சம் கனமா இருந்தாங்க" என்றார். அக்கா, அம்மாவிடம் உண்மையை நீதான் சொல்லவேண்டும், நீ பெரியவள். வீட்டில் சொல்லாதே, ரயில் ஏறமாட்டாள். பாதி வழி தாண்டினபிறகு, முட்டை உரித்துக் கொடுத்துவிட்டுச் சொல். கோபம் வரும், வரட்டும். ஆற விடாதே. அதே கோபத்தோடு நேரே விசாரணை அறைக்குள் கொண்டுவந்து உட்காரவை. 'இந்த ஆளுக்கு இடுப்பு நல்லாத்தான் இருந்துச்சு, பச்சைப் பொய்யன்' என்று அம்மா தன் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால், நாம் ஜெயித்தோம்.