புல்வெளி அம்மாவுக்கு ஒரு நன்றியுரை

உலகத்தில் நன்றி கெட்டவர்கள் பெருகிவிட்டார்கள் என்று யாராவது அலுத்துக்கொண்டால் நான் கவலைப்படுவதே இல்லை. அத்தனை பேருடைய பங்கையும் சேர்த்து ஒரே மனிதர் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் சொல்லி முடித்துவிட்டார். இன்னும் நூறு வருஷத்துக்கு யாரும் யாருக்கும் நன்றி சொல்லாவிட்டாலும் உலகத்துக்கு ஒரு குறைவும் வராது.

அவரை நன்றியுரை அண்ணை என்பார்கள். சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. நான் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது ஒரே கட்டடத்தில் அவர் கீழ்த்தளம், நான் கூரைக்கு அடியில் நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறை. அவர் வீட்டு அழைப்புமணிக்குப் பக்கத்தில் முன்பு குடியிருந்த ஜெர்மன்காரரின் பெயர்தான் இருந்தது. ஏன் மாற்றவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "பாவம், நல்ல மனுசன். வீட்டை விட்டுத் தந்தவரெல்லோ, பேராவது கிடக்கட்டும்" என்றார்.

டோர்ட்மண்டில் ஈழத்தமிழர் வைக்கும் எந்த நிகழ்ச்சியானாலும் கடைசி உரை அவருடையது. பெண் பெரியவளானதற்கு வைக்கும் சாமத்திய வீடு ஒன்றில் அவரை முதன்முதலாகக் கேட்டேன். மண்டபம் தந்தவருக்கு நன்றி, சமைத்தவருக்கு நன்றி, கார் நிறுத்த இடம் விட்ட பக்கத்துக் கடைக்காரருக்கு நன்றி என்று போய், "அழைப்புக் கிடைச்சும் வராமல் விட்டு, கதிரைகளை மிச்சம் பிடிச்சுத் தந்த அன்பு உள்ளங்களுக்கும்" நன்றி சொன்னார். நாற்பது நிமிஷம் ஆனதும், மண்டபத்தைப் பூட்டக் காத்திருந்த ஜெர்மன்காரர் பொறுமையிழந்து விளக்கை அணைத்தார். இருட்டில் மேடையிலிருந்து குரல் வந்தது: "மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தித் தந்த..."

சாவு வீட்டையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஒரு பெரியவரின் இறுதிச் சடங்கில், "பிரிஞ்சு கிடந்த சொந்தங்களை ஒரே இடத்தில சந்திக்க வைச்ச அமரர் அவர்களுக்கு" நன்றி சொன்னதோடு நிற்காமல், பழக்க தோஷத்தில், "அவர் இந்தப் பணியைத் தொடர்ந்தும் செய்ய வேணும் எண்டு கேட்டுக்கொள்ளுறன்" என்றும் முடித்துவிட்டார். அமரரின் மனைவியே சிரித்துவிட்டதாகச் சொல்வார்கள்.

அவருக்கு வேலை எங்கள் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில். மென்சா என்பார்கள். முதலில் அவித்த உருளைக்கிழங்கு பரிமாறும் இடத்தில் நிறுத்தினார்கள். தட்டை நீட்டிய ஒவ்வொரு மாணவனுக்கும், தட்டை நீட்டியதற்காக நன்றி சொன்னார். வரிசை வாசலைத் தாண்டி சைக்கிள் நிறுத்தும் இடம் வரைக்கும் போனது. மூன்றாம் நாளே பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு மாற்றினார்கள். இயந்திரத்துக்கும் நன்றி சொன்னார் என்று கேள்வி.

இதையெல்லாம் விடப் பெரிய விசேஷம் அவர் பேசிய ஜெர்மன். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய அவரை ஒரு சிற்றூர் அகதி விடுதியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, ஊரைத் தாண்டவும் அனுமதி இல்லை. விடுதியின் நிலவறையில் யாரோ விட்டுப்போன தடித்த புத்தகம் ஒன்று கிடந்தது. அமெரிக்காவின் பிரெய்ரிப் புல்வெளியில் குடியேறியவர்களைப் பற்றி ஓர் அமெரிக்க அம்மா எழுதிய பழைய நாவல், ஜெர்மன் மொழிபெயர்ப்பில். எழுதிய அம்மா காலமாகிப் பல பத்து வருஷங்கள். பெயரை நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அண்ணை ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அந்த அம்மா வெறும் 'அவ'. அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க அந்தப் புத்தகத்தை எழுத்தெண்ணிப் படித்து ஜெர்மன் கற்றுக்கொண்டார்.

விளைவு என்னவென்றால், கலப்பை, களஞ்சியம், கறவை மாடு, பனிப்புயல் இவற்றுக்கெல்லாம் அவர் வாயில் ஜெர்மன் அருவி மாதிரி கொட்டும். ஃப்ரிட்ஜுக்குச் சொல் கிடையாது. நாவலில் ஃப்ரிட்ஜ் வரவில்லையே, அவர் என்ன செய்வார்? விசாவை நீட்டச் சொல்லி ஆன்ட்ராக் என்கிற விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில், எதற்காக வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "மதிப்புக்குரியவரே, இந்நிலம் கடினமானது, ஆயினும் என் கைகள் சோர்வறியா" என்று இவர் அந்தக் காலத்து ஜெர்மனில் சொல்ல, அதிகாரி எழுந்து நின்று முத்திரை குத்தினாராம். ஒருநாள் பனி கொட்டியபோது நானும் அவரும் பஸ்ஸில் ஏறினோம். டிரைவரிடம், "கால்நடைகளைப் பட்டியில் அடைத்துவிட்டீரா?" என்று அக்கறையாக விசாரித்தார். டிரைவர் திரும்பிப் பயணிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

உலகக் கோப்பைக் கால்பந்து வரப்போகிறது என்று ஜெர்மனி முழுக்கப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. பல்கலைக்கழக அரங்குகளில் மைக்கும் புரொஜெக்டரும் பார்த்துக்கொள்வது எனக்குப் பகுதிநேர வேலை. ஒரு மத்தியானம் கையில் சோப்பு நுரையோடு அண்ணை ஓடி வந்தார்.

"தம்பி, இஞ்ச ஓடி வாரும்! அவவின்ர படம் ஒட்டிக் கிடக்கு!"

மென்சா சுவரில் போஸ்டர். தொப்பி வைத்த அந்த அம்மாவின் பெரிய படம். அவருடைய நாவல்களைக் கொண்டாடி ஆங்கிலத் துறை இரண்டு நாள் கருத்தரங்கு நடத்துகிறது. நிகழ்ச்சி நிரல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார். முகம் வெளிறிவிட்டது.

"நன்றியுரை எங்க?"

"இல்லண்ணே. இங்கெல்லாம் அந்தப் பழக்கம் கிடையாது."

"விளக்கேத்தல்?"

"கிடையாது."

"பொன்னாடை?"

"அண்ணே, இது கான்ஃபரன்ஸ். கட்டுரை படிப்பாங்க, காபி குடிப்பாங்க, போயிடுவாங்க."

"ரெண்டு நாள் அவவின்ர பேரில கூட்டம் வைச்சு, கோப்பியும் குடிச்சுப்போட்டு, அவவுக்கு ஒரு நன்றி சொல்லாமலோ போகப்போகினம்?" நிகழ்ச்சி நிரலை என் கையில் திருப்பித் திணித்தார். "தம்பி, உதுக்குள்ள எனக்கு ஒரு சந்தர்ப்பம் எடுத்துத் தாரும். கண்டவை நிண்டவை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். சொல்ல வேண்டிய ஆளுக்கு மட்டும் இருபது வருசமாச் சொல்லேல்லை."

அதுவரை அவர் நன்றியை ஒரு வியாதி என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அதற்குள் இப்படி ஒரு கடன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கருத்தரங்கை நடத்தும் பேராசிரியையிடம் போய்க் கேட்டேன். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த மெலிந்த அம்மாள். நிகழ்ச்சி நிரல் நிரம்பிவிட்டது என்றார். இரண்டாம் நாள் நாலரையிலிருந்து ஐந்து வரை கலந்துரையாடல் உண்டு, அதில் யாரும் பேசலாம் என்றார். ஐந்து மணிக்கு அரங்கைப் பாடகர் குழு ஒன்றுக்குக் கொடுத்தாக வேண்டும், அதனால் இரண்டே நிமிஷம் என்று இரண்டு விரலைக் காட்டினார்.

சாமத்திய வீட்டுக்கு நாற்பது நிமிஷம் எடுக்கிற மனிதருக்கு இரண்டு நிமிஷம்! முட்டை அவிக்க வைக்கும் டைமரை முடுக்கிவிட்டு என் அறையில் ஒத்திகை நடந்தது. முதல் தடவை முப்பத்தொரு நிமிஷம் ஆனது. அதற்குள் அவர் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும்தான் நன்றி சொல்லியிருந்தார். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"அண்ணே, இந்த பஸ் டிரைவரை எடுத்துடலாமா?"

"பாவமடா அந்தாள். மழையிலயும் வந்தவர்."

"பேப்பர் தயாரிச்ச கம்பெனியை?"

"பேப்பர் இல்லாட்டி எதில எழுதுறது?"

ஒரு வாரத்தில் நாயன்மார் கணக்கில் அறுபத்து மூன்று பேரை வெட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் பல் பிடுங்குகிறவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். கடைசியில் பதினோரு பேரும் அந்த அம்மாவும் மிஞ்சினார்கள். டைமர் அடிக்கவும் அவர் முடிக்கவும் சரியாக இருந்தது.

கருத்தரங்குக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். அண்ணை லீவு போட்டுவிட்டு, கோட்டு அணிந்து, சூப்பர்மார்க்கெட் பையில் பொன்னாடையோடு இரண்டு நாளும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒருவர் நாவலில் வராத புல்லைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் வேலிக்கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் படித்தார். இடைவேளையில் அண்ணையிடம் எப்படி என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சொன்னவர். ஆனா அது நல்ல வேலி தம்பி, மாடு போகேலாது. அதை அவர் சொல்லேல்லை."

இரண்டாம் நாள் நாலரைக்குக் கலந்துரையாடல் தொடங்கியது. ஊர் நினைப்பில் ஏங்கும் அந்தக் குடியேறிகள் உண்மை மனிதர்களே அல்ல, எழுத்தாளர் கட்டிய கட்டுமானங்கள் என்று ஓர் இளம் ஆய்வாளர் ஆரம்பித்தார். வழுக்கைத் தலைப் பேராசிரியர் ஒருவர் எகிறினார். இருவரும் மாறி மாறிப் பிடித்த பிடியில் மணி நாலு ஐம்பத்தேழு. பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "மன்னிக்கவும், நேரம் முடிந்துவிட்டது" என்றார்.

அண்ணை கையில் தாளோடு பாதி எழுந்தவர் பாதியிலேயே நின்றார். உட்காரவும் இல்லை, எழவும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் மைக்கை அணைத்து வைப்பதுதான் என் வேலை. நான் அதை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். பேராசிரியையிடம், "இரண்டு நிமிஷம் தருவதாகச் சொன்னீர்கள்" என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. அந்த அம்மாள் என்னையும் அவரையும் பார்த்துவிட்டு ஒரு விரலைக் காட்டினார். ஒரே நிமிஷம்.

அண்ணை தாளைப் பார்த்தார். மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். நான் வெட்டாமல் விட்ட பதினோரு பேரையும் அவரே வெட்டிவிட்டார். சபையைத் தாண்டி நேராகத் திரைக்குப் போய், அதில் தெரிந்த தொப்பி வைத்த அம்மாவைப் பார்த்து, தனது கறவை மாட்டு ஜெர்மனில் சொன்னார்:

"அம்மையீர், இந்நாட்டில் என் முதல் குளிர்காலத்தில் என்னோடு பேச ஒருவரும் இல்லை. நீங்கள் பேசினீர்கள். உங்கள் மனிதர்களும் மொழி அறியாமல் வந்து, மண்ணைத் தோண்டிக் குடியிருந்து, வசந்தம் வரும் என்று பொறுத்தார்கள். ஆகையால் நானும் பொறுத்தேன். நன்றி."

அவ்வளவுதான். பன்னிரண்டு வினாடியோ இருபது வினாடியோ. அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன நன்றியுரை.

பிறகு பையிலிருந்து பொன்னாடையை எடுத்து உதறினார். திரையில் தோள் இருக்கிறதே தவிர, போர்த்த இடமில்லை. இப்படியும் அப்படியும் பார்த்தார். "இதுக்குள்ள இருந்துதானே வாறா" என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டு நேராக வந்து என் புரொஜெக்டருக்குப் போர்த்தி, கைகூப்பினார். அம்மா மறைந்தார். அரங்கம் மஞ்சளாக இருட்டியது. அந்த இருட்டில் முப்பது பேரும் மேசையில் டொக் டொக் என்று அடிக்க ஆரம்பித்தார்கள்.

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஓர் உரை பிடித்திருந்தால் கைதட்டமாட்டார்கள், விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். வகுப்பில் உட்காருகிறவன் என்பதால் எனக்குத் தெரியும். மென்சாவில் தட்டுக் கழுவுகிறவருக்கு எப்படித் தெரியும்? நம் ஆட்கள் கூட்டத்தில் மேசையில் அடித்தால் ஒரே அர்த்தம்தான், இறங்கு கீழே! வேலிக்கம்பிக்காரருக்கு விழுந்த நாலு தட்டையும் அவர் அப்படித்தான் எடுத்திருப்பார். சூடேறிக்கொண்டிருந்த புரொஜெக்டரிலிருந்து நான் பொன்னாடையை உருவி நிமிர்வதற்குள் அண்ணையைக் காணோம்.

பல்கலைக்கழகத்துக்கு அடியிலுள்ள ரயில் நிலைய பெஞ்சில் கண்டுபிடித்தேன். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக் குனிந்திருந்தார். வந்து நின்ற ரயிலைப் பார்க்கவே இல்லை. அது போய்விட்டது.

"மேசையில அடிச்சுக் கலைச்சுப்போட்டினம், தம்பி. எனக்கு அடிச்சால் பரவாயில்லை. அவவின்ர சபையிலயெல்லோ அடிச்சவை. என்னால அவவுக்கு மரியாதை கெட்டுப்போச்சு."

"ஐயோ அண்ணே, அது கைதட்டல்!"

"மேசையிலயோ?"

"ஆமாண்ணே, இங்க அப்படித்தான். பிடிச்சிருந்தா மேசையைத் தட்டுவாங்க. வேலிக்கம்பிக்காரருக்கு நாலு பேர் தட்டினாங்க. உங்களுக்கு எல்லாருமே தட்டினாங்க. அந்த மேடம் ரெண்டு கையாலயும் தட்டினாங்க."

"உண்மையோ?"

"சத்தியமா."

அடுத்த ரயில் வந்தது. அண்ணை எழுந்தார், முகம் மலர்ந்தது. ரயிலுக்குள் ஒரு காலை வைத்தவர் அப்படியே பின்வாங்கினார்.

"கடவுளே! அப்ப நான் அவைக்கு நன்றி சொல்லாமலெல்லோ ஓடி வந்திட்டன்!"

படிகளில் தாவி ஏறி ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அரங்கத்தில் அறிஞர்கள் ஒருவர்கூட இல்லை. பாட்டுத் தாள்களைப் பிடித்தபடி நாற்பது ஆண்களும் பெண்களும் வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தார்கள். அண்ணை அவர்களுக்கு முன்னால் போய் நின்று, அவர்கள் தட்டாத மேசைகளுக்காக, அந்தப் பழைய ஜெர்மனில், அடிவயிற்றிலிருந்து நன்றி சொல்ல ஆரம்பித்தார். பஸ் டிரைவர் வந்தார், பேப்பர் கம்பெனி வந்தது, நான் வெட்டிய ஒருவரும் விடுபடவில்லை. பாடகர் குழு பாட்டுத் தாள்களை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வாசலில் நின்றிருந்தேன். மறுநாள் எனக்குப் பரீட்சை, ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை. போனால் போகட்டும் என்றிருந்தது. அந்த மனிதர் பேசி முடிக்கும்வரை அங்கே நிற்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது.