கடலுக்காகப் பேசுகிறவர்

நம் ஊரில் ஓர் இனம் பெருகி வருகிறது. கடற்காவலர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கடற்படையில் இருப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கப்பல் உண்டு, சம்பளம் உண்டு, நீச்சலும் தெரியும். நம்முடைய கடற்காவலருக்கு இருப்பதெல்லாம் ஒரு கைப்பேசியும் ஒரு வாயும்தான். அடுக்குமாடி வீட்டின் குளிர்சாதன அறையில் உட்கார்ந்தபடியே அவர் உலகத்துச் சமுத்திரங்களைக் காப்பாற்றுவார்.

தேத்தண்ணிக் கடையில் இவரைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். ஐஸ் போட்ட எலுமிச்சைத் தேநீர் மேசைக்கு வருமுன்பே கை உயரும். "பாஸ், ஸ்ட்ரா வேணாம் லா." அதோடு விட்டாரா? போன மாதம்தான் ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திறங்கிய கடைப் பையனைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு ஸ்ட்ரா சாக்கடையில் விழுந்து, கிள்ளான் ஆற்றில் மிதந்து, மலாக்கா நீரிணையில் சேர்ந்து, ஒரு மீனின் வயிற்றுக்குள் புகுந்து, அந்த மீன் திரும்பவும் நம் தட்டுக்கு வருகிற வரைக்கும் முழுப் பயணத்தையும் விளக்குவார். அதற்குள் ஐஸ் கரைந்துவிடும். அப்புறம் நாலு பொட்டலம் கறி வாங்கி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போடச் சொல்லி, எல்லாவற்றையும் இன்னொரு பிளாஸ்டிக் பையில் போடச் சொல்லி, வீட்டுக்கு நடப்பார். குழம்பு ஒழுகினால் யார் பொறுப்பு?

பிரிக்பீல்ட்ஸ் ஞானசம்பந்தம் இந்த இனத்தில் முதல் தரம். காப்புறுதி நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவர்களுக்கு வரப்போகும் ஆபத்தைப் பற்றியே பேசிப் பழகிய வாய், ஓய்வுக்குப் பிறகு ஆபத்துக்கு ஆள் தேடி அலைந்து, கடைசியில் கடலைப் பிடித்துக்கொண்டது. அவர் வீட்டு அலமாரியைத் திறந்தால் துணிப்பைகள் தலையில் கொட்டும். பாசார் சந்தைக்குப் போகும்போது மட்டும் ஒன்றுகூடக் கையில் இருக்காது. அங்கே போய் இன்னொரு துணிப்பை வாங்குவார்.

இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மகள் அனுப்பிரியாவுக்குச் சம்பந்தம் பேசுகிற நாள் வரும்வரை.

மாப்பிள்ளைப் பையன் பிரவின், கிள்ளான்காரன். அவளோடு வேலை பார்க்கிறவன். இரண்டு பேரும் தாங்களே முடிவுசெய்துவிட்டுப் பெற்றோரிடம் வந்தவர்கள். பையனின் அப்பா வேலாயுதம் கிள்ளானில் மீன்தலைக் கறிக் கடை நடத்துகிறார். அங்கேயே சாப்பிட்டுப் பேசி முடிக்கலாம் என்று அழைப்பு வந்தது. ஞானசம்பந்தத்தின் மனைவி சந்திரகலாவுக்கு அன்றிரவு தூக்கம் போயிற்று.

கார் சுபாங் ஜெயாவைத் தாண்டுமுன்பே அவள் சொல்லிவிட்டாள். "ஏங்க, இன்னிக்கு ஒருநாள் கடலப் பத்திப் பேசாதீங்க."

"நான் எதுக்குப் பேசப் போறேன்?"

"எதுக்கும் பேசாதீங்க."

பின் இருக்கையில் அனுப்பிரியா கண்ணாடியில் அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞானசம்பந்தம் வாக்குத் தவறாதவர். பானங்கள் ஸ்ட்ராவோடு வந்தன; புன்னகையோடு உறிஞ்சினார். சட்டி நிறைய மீன்தலைக் கறி வந்தது; வெண்டைக்காயைப் புகழ்ந்தார். சந்திரகலா மெல்ல மூச்சு விட்டாள். விதியைப் பாருங்கள், பேச்சை எடுத்தது வேலாயுதம்.

"முன்ன மாதிரி மீன் இல்ல சார். தலையே சின்னதாப் போச்சு. போட்டுக்காரங்க ரொம்ப தூரம் போறாங்க, பாதி வலை குப்பையோட வராங்க."

ஒரு மனிதரால் எவ்வளவுதான் தாங்க முடியும்? ஞானசம்பந்தம் கரண்டியைக் கீழே வைத்தார். இழுவலை, எண்ணெய்க் கப்பல், தொழிற்சாலைக் கழிவு, சூடேறும் தண்ணீர், செத்துப்போகும் பவளம் என்று ஒவ்வொன்றாக மேசைக்குக் கொண்டுவந்தார். கறி ஆறி, மேலே எண்ணெய் படிந்தது. சந்திரகலா மேசைக்கடியில் மிதித்தாள். அது பிரவினின் கால்.

"யோசிச்சுப் பாத்தா சார், மூல காரணமே உங்கள மாதிரிக் கடைங்கதான். ஒரு தலைக்காக முழு மீன் சாகுது," என்று முடித்தார் ஞானசம்பந்தம்.

வேலாயுதம் சட்டியைப் பார்த்தார். அவருடைய அப்பா சாலையோர ஒட்டுக்கடையாகத் தொடங்கிய கடை அது. அவர் மனைவி குமுதா மட்டும் நிதானமாகக் கேட்டாள். "அண்ணே, நீங்க வீட்ல மீன் சாப்பிடறது இல்லையா?"

"சாப்பிடுவாரு," என்றாள் சந்திரகலா. "மீன் இல்லன்னா சோறு இறங்காது."

"அது வேற," என்றார் ஞானசம்பந்தம். "நான் பாசார்ல வாங்கறது. அது ஏற்கெனவே செத்துப் போனது."

யாரும் சிரிக்கவில்லை. அனுப்பிரியா எழுந்து கை கழுவப் போனாள். அவள் திரும்பி வர நேரமானது. வந்தபோது கண் சிவந்திருந்தது. ஞானசம்பந்தத்துக்கு அப்போதுதான், பேச்சில் ஏதோ ஒரு வரி அதிகமாகிவிட்டதோ என்று பட்டது.

காப்பாற்றியவன் பிரவின். "அங்கிள், ஞாயிற்றுக்கிழம நாங்க ஆத்து முகத்துவாரத்துப் பக்கம் சதுப்புக் காட்டுல குப்ப பொறுக்கப் போறோம். அம்மா அப்பாவும் வராங்க. நீங்களும் வாங்களேன்."

குப்பையா? சேற்றிலா? கடற்காவலர்கள் கடலுக்குப் போவது வழக்கமில்லை. ஆனால் மகள் முகத்தைப் பார்த்தார். வரேன் என்றார்.

மனைவியோடும் மகளோடும் போனார். புதுப் பூட்ஸ், புதுக் கையுறை, புதுத் தொப்பி, குடிக்க ஒரு பெட்டி பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர். கரையில் நின்று மற்றவர்களுக்கு எப்படிக் குனிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பையன் கூப்பிட்டான் என்று சேற்றில் காலை வைத்தார். கால் முட்டிவரை போனது. எடுத்தபோது கால் மட்டும் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

"இதெல்லாம் உங்க கேஎல் நகரத்துக் குப்ப," என்றாள் குமுதா, வேரில் சிக்கிய பையை இழுத்தபடி. "நீங்க போடறீங்க, ஆறு கொண்டாந்து எங்ககிட்டக் குடுக்குது."

அவருக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் பிரவின் குரல் கொடுத்தான். "அங்கிள், இதப் பிடிங்க."

கிழிந்த வலைக்குள் ஒரு பெலாங்காஸ், அதாவது குதிரைலாட நண்டு. கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி ஓடு, பின்னால் ஈட்டி மாதிரி வால், அடியில் கால்கள், கால்கள், இன்னும் கால்கள். பெயருக்கு நண்டு என்பார்கள். இத்தனை காலம் எதற்காகப் பேசினாரோ அந்தக் கடல், முதல் தடவையாக உயிரோடு அவர் கைக்கு வந்திருந்தது. அவருக்குப் போட்டுவிட்டு ஓடலாம் என்றிருந்தது. ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல் எங்கே ஓடுவது? கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். பிரவின் வலையை நரம்பு நரம்பாக அறுத்தான். கால்கள் உள்ளங்கையில் பரபரவென்று துழாவின. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். வலை அந்த ஓட்டின் ஓரத்தையே அறுத்திருந்தது.

வலை போனதும் தண்ணீர் ஓரத்தில் தானே கொண்டுபோய் வைத்தார். அது மெதுவாக நகர்ந்து சேற்று நீரில் மறைந்தது. அப்புறம் பையை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை வாயைத் திறக்காமல் பொறுக்கினார். சந்திரகலா, வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்குச் சாப்பிடறப்ப உங்க மனசப் புண்படுத்திட்டேன்," என்றார் வேலாயுதத்திடம், கால் கழுவும் குழாயடியில்.

"விடுங்க சம்பந்தி," என்றார் வேலாயுதம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அனுப்பிரியா சேற்றுக் கையோடு அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

இத்தோடு அவர் திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். திங்கட்கிழமை அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் அந்த ஒரு பெலாங்காஸ் மூன்றாக இருந்தது. நிச்சயதார்த்தத்தில் அது ஆமையாகியிருந்தது. கல்யாண வரவேற்பில், வலையில் மாட்டிய டால்பினைத் தனியாளாக விடுவித்த கதையைக் கேட்டு ஒரு சுபாங் ஜெயா மாமி கண் கலங்கினார்.

"நான் அங்கதானே நின்னேன்," என்றாள் சந்திரகலா.

"நீ கரையில நின்னே. அங்கேர்ந்து பாத்தா நண்டு மாதிரிதான் தெரியும்."

ஆனால் ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு, யாரிடமும் சொல்லாமல், பழைய சட்டையோடு கிள்ளானுக்குப் போய்விட்டு வருகிறார். அந்த நாட்களைப் பற்றி மட்டும் குழுவில் ஒரு வரியும் வருவதில்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். இதை அவருக்கு அனுப்பினால் என்ன என்று விரல் துடிக்கும். அனுப்புங்கள். அவரும் இந்நேரம் உங்களுக்கு அனுப்பியிருப்பார்.