ஒரே கட்டளையில் முப்பத்தொரு சாவு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில், காக்ஸ் டவுனில், முப்பத்தொரு பேரைச் சாகடித்தவன் நான். எல்லோரும் நல்லா இருந்தவர்கள். பாதிப் பேர் எனக்கு முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் என் அக்காவுக்கு மாமனாராக வரவேண்டியவர்.

அப்போது வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். கம்பெனி ஐடி கார்டை மாதா கோயிலுக்கும் மாட்டிக்கொண்டு போன ஜந்து நான். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் நாலு வரி ஓடவிடத் தெரிந்ததால், உலகத்தில் மிச்ச பேரெல்லாம் முட்டாள் என்று நினைப்பு.

எங்கள் கோயில் ஆபீசில் லூர்து அண்ணன் என்று ஒரு கிளார்க். யாருக்காகப் பூசை வைக்கவேண்டுமோ அவர்கள் பெயரை அவரிடம் கொடுத்தால், ஞாயிறு பூசைக்கு முன்னால் மைக்கில் படிப்பார்கள். முதலில் இறந்தவர்கள். பிறகு ஒரு வெற்று வரி. அதற்குக் கீழே உயிரோடு இருப்பவர்கள்: பிறந்தநாள், பரீட்சை, விசா. இறந்தவர் ஒவ்வொருவர் பெயருக்கு முன்னாலும் ‘மறைந்த’ என்று அண்ணன் ஒற்றை விரலால் தட்டிச் சேர்ப்பார். அது நவம்பர், இறந்தோர் மாதம். பட்டியல் அனுமார் வால்.

அந்த ஞாயிறுதான் ஷீலா அக்காவைப் பெண் பேச நீலசந்திராவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எங்கள் கோயிலில் பூசை, எங்கள் வீட்டில் பிரியாணி, அன்றைக்கே நாள் குறிப்பது என்று பேச்சு. அக்காவும் ராபினும் இதற்காக நாலு வருஷம் காத்திருந்தவர்கள். ராபினின் அத்தை ரெஜினா ஆன்ட்டி எதிலாவது நொட்டை கண்டுபிடிக்காமல் இருந்தால் போதும். ராபினின் அப்பா அல்போன்ஸ் அங்கிளுக்கு அன்று அறுபதாவது பிறந்தநாள் என்பதால், ஐஸ் வைக்க அம்மா அவர் பெயரையும் கொடுத்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீசுக்குள் நுழைந்தேன்.

“என்னண்ணா, ஒவ்வொண்ணா தட்டினு கீறீங்க?”

“நூறு பேருக்கு மேல கீதுப்பா. மெதுவா ஆவும்.”

“பென் டிரைவ்ல குடுங்க. ஒரே வரி, ரெண்டு செகண்டு.”

“முடிச்சிட்டு குடு, நான் ஒரு தபா பாத்துடறேன்.”

“மெஷின் செஞ்சத மனுஷன் பாக்கத் தேவையில்லண்ணா.”

(இப்படிச் சொன்ன வாயை அவர் ஒன்றுமே செய்யவில்லை. நல்ல மனுஷன்.)

கோப்பை வரிவரியாகத் திருத்த, லினக்ஸில் ‘sed’ என்று ஒரு கட்டளை. ‘இறந்தோர்’ தலைப்பில் ஆரம்பி, வெற்று வரி வந்ததும் நிறுத்து, அதுவரை ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ‘மறைந்த’ ஒட்டு என்று எழுதி எண்டர் தட்டினேன். தலைப்புக்கும் சேர்த்து ஒட்டி ‘மறைந்த இறந்தோர்’ ஆகியிருந்தது. மூளை உள்ளவன் அங்கேயே உஷாராகியிருப்பான். நான் தலைப்பை மட்டும் கையால் திருத்தி, முதல் பத்து வரியைப் பார்த்து, என்னை நானே பாராட்டிக்கொண்டேன். பழைய கோப்பின் மேலேயே எழுதியாயிற்று. நகல் எடுப்பதெல்லாம் பயந்தாங்கொள்ளிகள் வேலை அல்லவா.

அண்ணனின் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தை வைக்கும். வெற்று வரியிலும் வைக்கும். ஆகவே என் கட்டளையைப் பொறுத்தவரை அது வெற்று வரியே இல்லை. நிறுத்தவேண்டிய இடம் வரவேயில்லை. கடைசி ஆள் வரை ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. (முதல் வார டிரெயினிங்கில் சொன்னதுதான். நான் மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

பூசைக்கு முன்னால், பட்டியல் படிக்கும் ஸ்டெல்லா டீச்சர் தாளைத் தூக்கிப் பார்த்தார். “ஏம்பா ஜெரி, இந்த வாரம் ஜாஸ்தியா இருக்கே?”

“நவம்பர் டீச்சர். கம்ப்யூட்டர்ல எடுத்தது. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே படிங்க.”

அப்படியே படித்தார்.

இறந்தவர்கள் ஒழுங்காகப் போனார்கள். பிறகு ‘மறைந்த’ என்று மட்டும் படித்து, பெயர் இல்லாததால் கொஞ்சம் மௌனம் காத்தார். (வெற்று வரி.) அதன்பின், “மறைந்த ஜெனிபர், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற.” கோயிலில் ஒரு சலசலப்பு. “மறைந்த டேவிட்டுக்கு கனடா விசா கிடைக்க.” டேவிட் எழுந்து சுற்றிமுற்றிப் பார்த்தான். “மறைந்த திரு. அல்போன்ஸ் அவர்களின் அறுபதாம் பிறந்தநாளுக்கு நன்றியாகவும், அவர் நீண்ட ஆயுள் பெறவும்.” அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். டீச்சர் நிறுத்தவில்லை. “மறைந்த நம் பங்குத்தந்தையின் முழங்கால் வலி நீங்க.” பீடத்தில் நின்ற ஃபாதர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார்.

வீட்டில் பிரியாணியை யாரும் தொடவில்லை.

“நல்ல காரியம் பேச வந்த எடத்துல எங்க அண்ணனுக்குப் பாடை கட்டிட்டீங்க. ராபின், எந்திரி,” என்றார் ரெஜினா ஆன்ட்டி.

நான் விளக்கினேன். ஆமாம், அந்த நேரத்தில், வரி முடிவில் வரும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் விளக்கினேன்.

அல்போன்ஸ் அங்கிள் பீன்யாவில் முப்பது வருஷம் லேத் பட்டறை ஃபோர்மேன். பொறுமையாகக் கேட்டார்.

“மெஷினு எங்க நிக்கும்னு பாத்தியா?”

“மொத பத்து வரி பாத்தேன் அங்கிள்.”

“கடைசி வரி?”

“அதப் பாக்கல அங்கிள்.”

“பீன்யாவா இருந்தா உனக்கு இந்நேரம் நாலு விரலுதான் மிச்சம்.” பிறகு அம்மாவிடம் திரும்பி, “இவன் நீங்க பெத்ததுதானா?” என்றார்.

சமையலறையில் அக்கா, “அடுத்து என்னைய கொல்லுடா. ஒரு வரிதானே,” என்றாள். அழுது கண் வீங்கியிருந்தது. அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

கடைசியில் ரெஜினா ஆன்ட்டிதான் தீர்ப்புச் சொன்னார். “அடுத்த ஞாயித்துக்கெழம அதே மைக்குல இவனே படிக்கணும். எங்க அண்ணன் உசுரோட கீறாருன்னு எல்லாரும் கேக்கணும். அப்புறம் பாக்கலாம் நாளு.”

படித்தேன். லூர்து அண்ணன் ஒற்றை விரலால் தட்டிய தாளிலிருந்து, “உயிரோடு இருக்கும்” என்று முப்பத்தொரு தடவை. அல்போன்ஸ் அங்கிள் தன் பெயர் வந்ததும் எழுந்து, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். கோயிலே கைதட்டியது. அன்று சாயங்காலம் நாள் குறித்தார்கள்.

கல்யாணம் முடிந்ததிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எனக்கென்று அங்கிளிடமிருந்து ஒரு செய்தி வரும்: ‘இன்னிக்கும் கீறேன்.’ எல்லோரும் அதற்குக் கைதட்டுவார்கள். போன மாதம் ஒரு நாள் வரவில்லை. ஏழரை ஆனது. போன் எடுக்கவில்லை. ஹெல்மெட்கூட மாட்டாமல் நீலசந்திராவுக்கு வண்டியை விரட்டினேன். மனுஷன் கையில் மொபைலோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் குரல் கொடுத்தார்:

“ரெஜினா, எட்டு மணிக்குள்ள வந்துட்டான். இன்னிக்கு மட்டன் உன் செலவு.”